வெடித்த கயாக்கும் ஒட்டாத பொலித்தீனும்

ஒட்டுப்போட்டால் ஒட்டாத ஒரு பொருளில் மனிதர்கள் படகு செய்யத் தொடங்கி 50 வருடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகிறது. அதற்கு முன்னர் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செய்த படகுகள் எல்லாம், உடைந்தால் எப்படித் திருத்துவது என்பதையும் சேர்த்து யோசித்துச் செய்தவை. நான் சொல்ல வருவது பிளாஸ்ரிக் கயாக்கைப் பற்றி. கோடை வந்தால் ஒன்ராறியோ ஏரிக்கரைகளிலும் கார்க் கூரைகளிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காண்பீர்களே, அதே சாமான். காலை நீட்டி இருந்துகொண்டு, இரண்டு முனையிலும் தட்டு வைத்த துடுப்பால் வலிப்பார்கள்.

"எங்களுக்கும் கயாக்குக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு சம்பந்தம் இருக்கிறது. இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் கோடைகால காம்புகளில் கயாக் வலிக்கப் பழகிவந்து தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். புதுசு விலை என்பதால் தகப்பன்மார் பழசு வாங்கிக் கொடுக்கிறார்கள். மற்றது, எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ஸ்காபரோவில் வாழ்க்கையைத் தொடங்கியதே பிளாஸ்ரிக் பக்ரறிகளில்தான். நானும் அப்படித்தான். அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்த காலத்தில் தொடங்கி 11 வருடம், தண்ணீர்த் தாங்கியும் கயாக்கும் வார்க்கிற ஒரு பக்ரறியில் சூளைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். பெயர் வேண்டாம். அந்தச் சூளையின் வெக்கை இன்னும் முகத்தில் இருக்கிறது. பொலித்தீன் என்ற பொருளின் குணமும் அங்கேதான் பிடிபட்டது.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம்.

தோல் வேறு, எலும்பு வேறு

கயாக் என்ற சொல்லே இனுவிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. கிரீன்லாந்தில் இருந்து கனடாவின் வடக்கு வழியாக அலாஸ்கா வரைக்கும் கடற்கரைகளில் வாழ்ந்த வேட்டைக்காரரின் படகு அது. அந்தக் கரைகளின் பெரும்பகுதியில் மரம் வளராது. கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மரத்தையும், கிடைத்தால் எலும்பையும் கொம்பையும் கட்டிச் சட்டம் செய்தார்கள். அதன்மேல் சீல் தோலைப் போர்த்துத் தைத்தார்கள். தைப்பது பெண்களின் வேலை. அந்தத் தையலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊசி தோலின் பாதித் தடிப்பு வரைக்கும்தான் போகும், மறுபக்கம் துளை விழாது. நூல் விலங்கின் தசைநார். அது நனைந்தால் ஊதித் துளையை இறுக்கி அடைத்துக்கொள்ளும்.

தோல் நிரந்தரம் என்று அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. கொழுப்புப் பூசிப் பராமரித்தார்கள், கிழிந்தால் துண்டு வைத்துத் தைத்தார்கள். ஓரிரு வருடத்தில் தோல் தளர்ந்துவிட்டால் முழுவதையும் உரித்து எறிந்து புதுத்தோல் போர்த்தார்கள். சட்டம் அப்படியே இருக்கும். கெட்டுப்போகிற பகுதி வேறு, நிலைக்கிற பகுதி வேறு. எதை எப்போது கைவிடுவது என்ற கேள்விக்கு அந்தப் படகின் அமைப்பிலேயே பதில் இருந்தது.

தெற்கே வந்தால், ஒன்ராறியோ, கியூபெக் காடுகளின் பூர்வகுடிகள் பேர்ச் மரப்பட்டையால் கனூ செய்தார்கள். பட்டையை ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்து, அதே மரத்துப் பிசினைக் கொழுப்போடு காய்ச்சித் தையலில் பூசுவார்கள். பிறகு மொன்றியலில் இருந்து உள்நாட்டுக்குப் போன உரோம வணிகத்தின் பெரிய கனூக்கள் 11 மீற்றர் நீளம் வரைக்கும் இருந்தன. கல்லில் உரசாமல் ஒருநாளும் போக முடியாது. ஆகவே சுருட்டிய பட்டை, வேர்நார், பிசின் மூன்றையும் கூடவே கொண்டுபோனார்கள். பின்னேரம் கரையேறியதும் கனூவைக் கவிழ்த்து, வெடித்த இடங்களுக்குப் பிசின் பூசுவது அன்றாட வேலை. பீற்றர்பரோவில் 1997 இல் தொடங்கி, 2024 இல் ஏரிக்கரையோரப் புதுக் கட்டிடத்துக்கு மாறிய கனேடிய கனூ அருங்காட்சியகத்தில் இப்படியான படகுகளைப் பார்க்கலாம். ரொறன்ரோவில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் கூடவான ஓட்டம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.

எங்கள் பக்கமும் இந்தக் கணக்குத்தான். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்தார்கள். அலை அடித்தால் வளைந்துகொடுக்கும், கயிறு இற்றுப்போனால் பிரித்துத் தைக்கலாம். கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைக் காயப்போட்டார்கள். பலகை வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, இடைவெளிகளில் பஞ்சை இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் இருப்பீர்கள். கலப்பற்று என்பார்கள். பஞ்சு போகும், பலகை நிற்கும். பலகை உக்கினால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம்.

ஐரோப்பியரும் கயாக்கை எடுத்துக்கொண்டபோது இந்த முறையை விடவில்லை. ஜேர்மனியின் ரோசன்ஹைமில் யொகான்னஸ் கிளெப்பர் 1907 இல் மடிப்புக் கயாக் தயாரிக்கத் தொடங்கினார். உள்ளே மரச்சட்டம், வெளியே நீர்புகாத துணியும் ரப்பரும் சேர்ந்த தோல். அப்படியான ஒரு கிளெப்பரில் ஹன்னஸ் லிண்டமான் என்ற ஜேர்மன் மருத்துவர் 1956 இல் 72 நாளில் தனியாக அத்லாந்திக்கைக் கடந்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கண்ணாடியிழை, அதாவது பைபர் கிளாஸ் வந்தது. எங்கள் வடபகுதிக் கரைகளிலும் வெளியிணைப்பு மோட்டரோடு வந்தது இதுதான். அதிலும் ஒட்டுப்போடலாம். உடைந்த இடத்தை அராவி, இழைத்துணி வைத்து, பிசின் பூசிக் காயவிட்டால் இறுகிவிடும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதல்முறையாகக் கயாக் சலோம் போட்டி நடந்தபோது வீரர்கள் வலித்தது இந்த வகைப் படகுகளைத்தான். பாறையில் மோதினால் உடையும். இரவு ஒட்டினால் அடுத்தநாள் வலிக்கலாம்.

வெள்ளை மெழுகு

இனிப் பொலித்தீனுக்கு வருவோம். 1933 மார்ச் 27 அன்று, இங்கிலாந்தின் வின்னிங்ரனில் இருந்த ஐசிஐ ஆய்வுகூடத்தில் எரிக் போசெற், ரெஜினோல்ட் கிப்சன் என்ற இருவர், எதிலீன் வாயுவை இன்னொரு இரசாயனத்தோடு சேர்த்துப் பெரும் அழுத்தத்தில் சூடாக்கியபோது வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அவர்கள் தேடியது அதை அல்ல. அந்த மெழுகுதான் பொலித்தீன். 1939 இல் வியாபார அளவில் உற்பத்தி தொடங்கியது. போர்க்காலத்தில் ராடார் வயர்களுக்கு உறையாகப் பயன்பட்டது. 1953 இல் ஜேர்மனியில் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே இன்னும் கடினமான பொலித்தீன் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1963 இல் அவருக்கும் இத்தாலியரான நாற்ராவுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. கடையில் தருகிற பையும் பால் கானும் கயாக்கும் ஒரே குடும்பம்.

1970களில் அமெரிக்காவில் பொலித்தீன் கயாக்குகளைச் சுழல்வார்ப்பு முறையில் செய்யத் தொடங்கினார்கள். அந்த வேலையைத்தான் நான் செய்தேன். உலோக அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதற்குள் மா மாதிரியான பொலித்தீன் தூளை அளந்து கொட்டி மூடுவோம். சூளைக்குள் அச்சு இரண்டு திசையிலும் மெதுவாகச் சுழலும். தோசைக்கல்லில் மா பரவுகிற மாதிரி தூள் உருகி உள்சுவரெங்கும் ஒட்டும். வெளியே எடுத்து ஆறவிட்டுத் திறந்தால் முழுக் கயாக், ஒரே துண்டு. தையல் இல்லை, ஆணி இல்லை, பலகை இல்லை.

இது ஏன் வென்றது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. கண்ணாடியிழை பாறையில் அடித்தால் உடையும், பொலித்தீன் நெளிந்து திரும்பும். விலையும் குறைவு. கயாக் பணக்காரரின் விளையாட்டு என்ற நிலை மாறியதற்கு இந்த வெள்ளை மெழுகு ஒரு பெரிய காரணம். ஆனால் அன்றைக்கு ஒன்றை இழந்தோம். தோலும் எலும்பும் ஒன்றாகிவிட்டன. ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது.

ஏன் ஒட்டாது?

பொலித்தீனின் மூலக்கூறு காபனும் ஐதரசனும் மட்டும் கொண்ட நீண்ட சங்கிலி. பசை பிடித்துக்கொள்ள அதன் மேற்பரப்பில் ஒரு கொழுக்கியும் இல்லை. சுப்பர் குளூ, சிலிக்கன், பைபர் கிளாஸ் பிசின் எதைப் பூசினாலும் காய்ந்தபிறகு நகத்தால் உரித்துவிடலாம். பசைப் போத்தல்களையே பொலித்தீனில் செய்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மேற்பரப்பைத் தீச்சுவாலையால் ஒருமுறை தடவிவிட்டுப் பூசினால் சில எபொக்சிகள் ஓரளவு பிடிக்கும். டக் ரேப் ஒட்டுவது கரைக்கு வந்துசேர மட்டும்.

உறுதியான வழி ஒன்றுதான். உருக்கி, அதே பொருளால் நிரப்புவது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் பொருள் எது என்று பாருங்கள். கயாக்கின் ஓரத்தில் இருந்து நகக்கண் அளவு சீவி, சவர்க்காரம் போட்டுக் கழுவித் தண்ணீருக்குள் அமத்திவிடுங்கள். பொலித்தீன் மிதக்கும். ஏபிஎஸ் தாழும். ஏபிஎஸ் என்றால் அதற்கு வேறு பசை, வேறு முறை. மிதந்த சீவலைச் சூடான உலோகத்தில் வைத்தால் உருகி இழுபடவேண்டும். உருகாமல் கருகினால் அது சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த வகைப் பொலித்தீன். அதை ஒருபோதும் உருக்கி ஒட்ட முடியாது.

அடுத்து வெடிப்பின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போடவேண்டும். வெடிப்பு எப்போதும் தன் கூரான நுனியில் இருந்துதான் ஓடும். நுனி வட்டமானால் ஓட்டம் நிற்கும். பிறகு வெடிப்பின் நீளத்துக்கு ஆங்கில வி எழுத்துப் போலக் குடைந்து, வெய்யிலில் வெளிறிய மேல்தோலைச் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் பளபளப்பான பொருளைக் காணவேண்டும். சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் படகையும் நிரப்பும் பொலித்தீன் குச்சியையும் ஒரே நேரத்தில் சூடாக்கவேண்டும். கிட்டத்தட்ட 280 பாகை செல்சியஸ் காற்றுப் போதும். இரண்டும் கண்ணாடி மாதிரி மினுங்கும் நேரம் பார்த்து அழுத்தவேண்டும். குச்சி மட்டும் உருகிப் படகு உருகாவிட்டால் அது வெறும் மெழுகுதிரி வடிந்த மாதிரி. புகை வந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம். பெரிய வெடிப்பென்றால் உட்பக்கம் துருப்பிடிக்காத உருக்கு வலையை வைத்து அதன்மேல் உருக்கி மூடலாம். கதவைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல.

இதெல்லாம் கையால் பழகினால் வருகிற வேலை. கஷ்டமான கேள்வி, செய்யவேண்டுமா என்பது.

அடிபட்ட வெடிப்பும் வயசுபோன வெடிப்பும்

எங்கள் தெருவில் ஒரு அண்ணை இருக்கிறார். மகளுக்காக 150 டொலருக்கு ஒரு பழைய கயாக் வாங்கினார். காரில் இருந்து இறக்கும்போது விழுந்து, கற்பாரில் அடிபட்டு மூக்குப்பக்கம் நாலு அங்குலம் வெடித்துவிட்டது. நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். இரண்டு கோடை நல்லாக ஓடியது. இன்றைக்கும் அந்த ஒட்டு விடவில்லை.

மூன்றாம் வருடம் மே மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார். இந்தமுறை இருக்கைக்குக் கீழே, அடித்தட்டில் வெடிப்பு. யாரும் அடிக்கவில்லை, எதிலும் மோதவில்லை. பின்வளவில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தது, அவ்வளவுதான். கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளிறிப்போய், பெரிய வெடிப்பைச் சுற்றித் தலைமயிர் அளவில் எத்தனையோ கீறல். கத்தியால் ஓரத்தைச் சீவினேன். நல்ல பொலித்தீன் என்றால் கரட் சீவின மாதிரிச் சுருண்டு நீளமாக வரும். இது பொடியாக உதிர்ந்தது. பின்பக்கம் வலது ஓரத்தில் படகின் அடையாள இலக்கம் இருக்கும், 12 எழுத்து. கடைசி இரண்டு இலக்கமும் மொடல் வருடம். அந்தப் பிள்ளையைவிட அந்தக் கயாக்குக்கு வயது கூட.

"தம்பி, போனமுறை ஒட்டினீர்தானே. அதேமாதிரி இதையும் ஒருக்கால் பாருமன்."

"அண்ணை, அது அடிபட்ட வெடிப்பு. இது வயசுபோன வெடிப்பு. நான் இதை ஒட்டினால் ஒட்டினதுக்குப் பக்கத்திலை வெடிக்கும்."

நடந்தது இதுதான். சூரியனின் புறஊதாக் கதிர் அந்த நீண்ட சங்கிலிகளை வெட்டி வெட்டிக் குட்டையாக்குகிறது. அதைத் தடுக்கப் பக்ரறியில் தூளோடு ஒரு மருந்து கலந்துதான் வருகிறது. அது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தீர்ந்தபிறகு பிளாஸ்ரிக் நெளிவதை மறந்துவிடும். எண்ணெய், சவர்க்கார வகை இரசாயனங்கள் பட்டு, பாரமும் அழுத்திக்கொண்டிருந்தால் வெடிப்பு இன்னும் சுறுக்காக வரும். திரும்ப உருக்கினால் வெட்டுப்பட்ட சங்கிலி நீளாது. சூடு மிச்சத்தையும் கெடுக்கும்.

அண்ணைக்கு விளங்கியது. ஆனாலும் விடவில்லை. கொஞ்சநேரம் படகையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எறிய மனம் வருதில்லை தம்பி. எறிஞ்சது காணும்" என்றார்.

1995 இடப்பெயர்வில் சைக்கிளில் கட்ட முடிந்ததைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிதர். அவருடைய கராஜைப் பார்த்தால் விளங்கும். ஓடாத மிக்சி, கால் உடைந்த கதிரை, மூன்று பழைய ரீவி. எங்களில் பலரின் கராஜ் அப்படித்தான். வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது குப்பை. எங்களுக்கு ஒரு சாமானை வெளியில் கொண்டுபோய் வைப்பது கையைக் கடிக்கிற வேலை. அதை நான் பகிடி பண்ண மாட்டேன்.

ஆனால் அவருக்கு ஒன்று சொன்னேன். அங்கே விட்டுவந்ததை எங்களிடம் கேட்டுக்கொண்டு யாரும் பறிக்கவில்லை. இதை நாங்களாக, சீவிப் பார்த்து, யோசித்து விடுகிறோம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது. மற்றது, இதற்குள் இருக்கப்போவது உங்கள் மகள்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மே மாதத்தில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் 10 பாகைக்கும் கீழே. வெயில் நல்லாக எறிக்கும், ஆள் ரீசேட்டோடு நிற்கும், தண்ணீர் மட்டும் இன்னும் குளிர்காலத்தில் இருக்கும். மனிற்ரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிறெக்ற் குளிர்நீர் பற்றி ஆராய்ந்தவர். அவர் சொல்லிக்கொடுக்கிற கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கை கால் சொல்வழி கேட்பது 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தவற ஏறக்குறைய 1 மணித்தியாலம். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கே. கரையில் இருந்து அரைக் கிலோமீற்றரில் அடித்தட்டு பிளந்தால் 10 நிமிடத்தில் நீந்தி வரமுடியுமா? நல்ல நீச்சல்காரருக்கே சந்தேகம்.

இனுவிட் பெண் பழைய தோலை உரித்து எறிந்தபோது கவலைப்பட்டிருப்பாளோ தெரியாது. ஆனால் அந்தத் தோலுக்குள் தன் புருசனை அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எறியவேண்டிய நேரத்தைத் தெரிந்துவைத்திருப்பதும் திருத்தத் தெரிந்தவரின் வேலையில் பாதி. பழைய படகுகள் அந்த நேரத்தைத் தாங்களே சொல்லின. தோல் நாறும், பட்டை சுருளும், பலகை உக்கும். பொலித்தீன் உக்காது, நாறாது. நிறம் வெளிறினாலும் தூரத்தில் பார்த்தால் முழுசாகத்தான் தெரியும். ஆகவே இங்கே நாங்கள்தான் குனிந்து பார்த்துத் தீர்மானிக்கவேண்டும்.

என் கணக்கு இதுதான். ஒரு இடத்தில் அடிபட்டு வெடித்து, சீவினால் சுருள் வந்தால் ஒட்டுங்கள். அடித்தட்டில் தானாக வெடித்தால், சுற்றிவர மயிர்க்கீறல் இருந்தால், சீவல் பொடியாக உதிர்ந்தால், ஒட்டின ஒட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வெடித்தால், விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கிற சந்தேகக் கேஸ் என்றால், இடுப்பளவு தண்ணீருக்கு மேலே கொண்டுபோக மாட்டேன் என்று சத்தியம் பண்ணக்கூடியவர் மட்டும் ஒட்டிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு அது ஆகாது. இணையத்தில் "சின்ன வெடிப்பு, சுகமாக ஒட்டலாம்" என்று விற்கிறவரிடம் வாங்கப் போனால் பையில் ஒரு சின்னக் கத்தி கொண்டுபோய், அனுமதி கேட்டுவிட்டு ஓரத்தைச் சீவிப் பாருங்கள். சீவ விடாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கினதை நிழலில் வையுங்கள், வெய்யிலில் போட்டால் ஒரு துணியாவது மூடிவிடுங்கள்.

அண்ணையின் கயாக்கை இரண்டு பேருமாக வாளால் குறுக்கே அறுத்தோம். இருக்கை, கால்மிதி, மூடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவை நல்ல சாமான்கள்தான். நீலப் பெட்டிக்குள் போகிற அளவில்லாததால் ஒரு பாதி நகராட்சிக் கழிவிடத்துக்குப் போனது. மற்றப் பாதியில் மண் போட்டுப் பச்சைமிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறார். மகள் இப்போது ஏரிக்கரையில் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்து வலிக்கிறாள், அங்கியோடு. அடுத்த வருடம் ஒன்று வாங்கவேண்டுமாம். பார்க்கப் போகும்போது நானும் கத்தியோடு வரவேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.